பார்த்தது, பேசியது, எழுதியது: தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணி மதிப்பீடு

தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பணியை மதிப்பிடுவதென்றால், வகுப்பில் அவர் என்ன செய்கிறார், அதனால் குழந்தைகளுக்கு என்ன கிடைக்கிறது என்ற இரண்டையும் நேரில் பார்த்து, பார்த்ததை அவரோடு உட்கார்ந்து பேசி, அடுத்த பருவத்தில் எதை மாற்றுவது என்று முடிவெடுப்பது. படிவமும் மதிப்பெண்ணும் கையொப்பமும் இந்த வேலைக்குத் துணை. துணை முன்னால் வந்து வேலை பின்னால் போய்விட்ட பள்ளிகளில், மதிப்பீடு என்ற சொல் காதில் விழுந்தாலே ஆசிரியர் அறையில் பேச்சு நின்றுவிடும்.

யார் பார்ப்பது

கேரளத்தில் 1 முதல் 4ஆம் வகுப்பு வரை எல்.பி., 5 முதல் 7 வரை யு.பி. திருவனந்தபுரம் மாவட்டம் திருவனந்தபுரம், ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை என்ற மூன்று கல்வி மாவட்டங்களாகவும், அவற்றின் கீழ் 12 உபமாவட்டங்களாகவும் பிரிந்திருக்கிறது. எல்.பி., யு.பி. பள்ளிகள் உபமாவட்டக் கல்வி அலுவலரான ஏ.இ.ஓ.வின் பொறுப்பில் உள்ளன. உயர்நிலைப் பள்ளியோடு ஒட்டிய தொடக்க வகுப்புகள் மட்டும் கல்வி மாவட்ட அலுவலரான டி.இ.ஓ.வின் கீழ் வரும். இவர்களுக்கெல்லாம் மேலே ஜகதியில் உள்ள பொதுக்கல்வி இயக்ககம். 1958ஆம் ஆண்டின் கேரளக் கல்விச் சட்டமும், பள்ளி ஊழியர்கள் கே.இ.ஆர். என்றே சொல்லும் 1959ஆம் ஆண்டின் கேரளக் கல்வி விதிகளும் இந்த அதிகார வரிசைக்கு அடிப்படை. பள்ளியைப் பார்வையிடுவதும் பதிவேடுகளைச் சரிபார்ப்பதும் குறை கண்டால் விளக்கம் கேட்பதும் இவ்வரிசையின் வேலை.

இதற்கு இணையாக இன்னொரு வரிசை உண்டு. பாடத்திட்டமும் பயிற்சியும் பூஜப்புரையில் உள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனமான எஸ்.சி.இ.ஆர்.டி.யிலிருந்து வருகின்றன. மாவட்ட அளவில் ஆற்றிங்கலில் உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட், அதற்கும் கீழே பி.ஆர்.சி. என்ற வட்டார வள மையங்கள், பள்ளி வாசல் வரை வரும் கிளஸ்டர் ஒருங்கிணைப்பாளர்கள். இவர்களுக்கு விளக்கம் கேட்கும் அதிகாரம் கிடையாது, உதவுவதுதான் பணி. ஆசிரியர் தமக்கு வராததை மறைக்காமல் சொல்லக்கூடிய இடம் இதுதான். பி.ஆர்.சி. பயிற்சியாளரிடம் ஓர் ஆசிரியை மனம்விட்டுச் சொன்னது மறுவாரம் ஏ.இ.ஓ. அலுவலகக் கோப்பில் ஏறினால், அந்த கிளஸ்டரில் யாரும் அதன்பின் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆகவே உதவிக்கான குறிப்பும் அதிகாரத்துக்கான அறிக்கையும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு நோட்டில் இருக்க வேண்டும்.

இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடத்தில் இருப்பவர் எச்.எம். எனப்படும் தலைமை ஆசிரியர். மதிப்பீட்டின் பெரும்பகுதி அவர் தலையில்தான் விழுகிறது. ஆனால் சிறிய எல்.பி. பள்ளிகளில் எச்.எம்.முக்கும் ஒரு வகுப்பு உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்களுக்குப் புறம்பாகத் தனித் தலைமை ஆசிரியர். தன் வகுப்பை விட்டுவிட்டு அடுத்த வகுப்பைப் பார்க்கப் போகிறவர் எத்தனை முறைதான் போக முடியும்? அப்படிப்பட்ட பள்ளியில் ஆசிரியர்களே மாறிமாறி ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பதும், பார்த்ததை எஸ்.ஆர்.ஜி. கூட்டத்தில் பேசுவதும் நடைமுறைக்கு ஒத்துவரும். எஸ்.ஆர்.ஜி. என்பது பள்ளியின் ஆசிரியர்கள் கூடிக் கல்வி விஷயம் பேசுவதற்காக ஏற்பட்ட குழு. பல பள்ளிகளில் அது சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது வேறு கதை.

எதைப் பார்ப்பது

சட்டம் கேட்பது சுருக்கமானது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 24, ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது: ஒழுங்காகவும் நேரத்துக்கும் வருவது, குறித்த காலத்துக்குள் பாடத்திட்டத்தை முடிப்பது, ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டுத் தேவையானவர்களுக்குக் கூடுதலாகக் கற்பிப்பது, பெற்றோரோடு முறையாகக் கூட்டம் நடத்துவது. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை என்றும் அதே பிரிவு சொல்கிறது. மதிப்பிடுபவர்கள் முதல் இரண்டையும் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வருகைப் பதிவேட்டையும் முடித்த பாடங்களின் பட்டியலையும் மேசையை விட்டு எழாமலே பார்த்துவிடலாம். மூன்றாவதுதான் தொடக்கப்பள்ளியின் உயிர். அதைப் பார்க்க வகுப்புக்குள் போக வேண்டும்.

சற்று விரிவான அளவுகோல் வேண்டுவோர்க்கு என்.சி.இ.ஆர்.டி. 2013இல் வெளியிட்ட 'பிண்டிக்ஸ்' இருக்கிறது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கென்றே உருவான இது, பணியை ஏழு தரங்களாகப் பிரிக்கிறது: கற்றல் அனுபவங்களைத் திட்டமிடல், பாட அறிவு, கற்பிக்கும் உத்திகள், பிறரோடு பழகும் முறை, தொழில் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சிக்கான பங்கு, வருகை. ஒவ்வொன்றின் கீழும் உள்ள கூறுகளுக்கு நான்கு படிகள்: எதிர்பார்ப்பை எட்டவில்லை, நெருங்குகிறார், எட்டுகிறார், தாண்டுகிறார். முதலில் ஆசிரியரே தம்மை மதிப்பிட்டு எழுதுகிறார். பின்னரே தலைமை ஆசிரியர். இந்த வரிசைமுறைதான் பிண்டிக்ஸில் மிகவும் பயன் தருவது. எண்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவது மிகவும் பயனற்றது. பாட அறிவில் 2, வருகையில் 4 வாங்கியவரும், அவற்றைத் தலைகீழாக வாங்கியவரும் கூட்டலில் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். இருவருக்கும் வேண்டிய உதவியோ வேறுவேறு.

சுயமதிப்பீட்டில் எல்லாக் கட்டத்திலும் 4 போட்டு வரும் படிவத்தைக் கண்டு எரிச்சலடைய வேண்டியதில்லை. படிவம் எங்கே போகும் என்று தெரியாத இடத்தில் யாரும் அப்படித்தான் போடுவார்கள். ஒவ்வொரு 4க்கும் எதிரே 'எந்த வகுப்பில், எப்போது' என்று ஒரு வரி எழுதச் சொன்னால் போதும். பாதி தானே 3 ஆகிவிடும்.

தவறான அளவுகோல்கள்

திருவனந்தபுரத்தில் ஆசிரியரின் பெயரை ஊருக்குள் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, 4ஆம் வகுப்பில் எல்.எஸ்.எஸ்., 7ஆம் வகுப்பில் யு.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வு. வென்ற குழந்தைகளின் படத்தோடு பள்ளி வாசலில் பிளெக்ஸ் தொங்கும்போது பின்னால் நிற்கும் வகுப்பாசிரியரின் மதிப்பும் ஏறுகிறது. ஆனால் அந்தத் தேர்வுக்கு உட்காருவது வகுப்பில் ஏற்கெனவே நன்றாகப் படிப்பவர்கள். பின்தங்கிய எட்டுப் பேருக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இன்னொன்று ஆறாம் வேலைநாள். ஜூனில் பள்ளி திறந்த ஆறாம் வேலைநாளன்று எடுக்கும் மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் பணியிடம் என்று முடிவாகிறது. ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியர்கள் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்பது இதனால்தான். குழந்தை கொண்டுவருகிறவர் நல்ல ஆசிரியர் என்ற பேச்சு, குறிப்பாக மேலாளர் நியமிக்கும் எய்டட் பள்ளிகளில், மதிப்பீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. சேர்க்கைக்காக அலைவது உழைப்புதான். அதை மதிக்க வேண்டும். அதைக் கற்பிக்கும் திறனென்று எழுதுவது மட்டும் பொய்.

தேர்வு முடிவை வைத்து ஆசிரியரை அளக்கும் ஆசை பழையது. இங்கிலாந்தில் 1862இல் முடிவுக்கேற்ற மானியம் என்ற முறை வந்தது. பிள்ளைகள் வாசிப்பு, எழுத்து, கணக்கில் தேறிய அளவுக்குப் பள்ளிக்குப் பணம். மதராஸ் மாகாணத்திலும் அதே வழக்கம் நுழைந்தது. மனப்பாடம் பெருகியதும், தேர்வில் வராத பாடங்கள் ஓரங்கட்டப்பட்டதும் மிச்சம். இங்கிலாந்து அந்த நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் அதைக் கைவிட்டது. பின்னர் அமெரிக்காவில் கணினியின் துணையோடு அதே ஆசை திரும்பியது. குழந்தையின் பழைய மதிப்பெண்ணோடு புதியதை ஒப்பிட்டு, இடையில் உள்ள ஏற்றத்தை ஆசிரியர் கணக்கில் எழுதும் முறை அது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2014இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியருக்கு உரியது 1 முதல் 14 சதவீதம் வரைதான் என்று பெரும்பாலான ஆய்வுகள் காட்டுவதாகச் சொன்னது. முப்பது பேருள்ள ஒரே வகுப்பை வைத்து அந்தச் சிறு பங்கைப் பிரித்தெடுப்பது நடக்கிற காரியமில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆந்திரத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில், குழந்தைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகள் இரண்டாண்டு முடிவில் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிகளை விட நன்றாகவே செய்தன. ஆனால் அங்கே தேர்வை நடத்தியவர்கள் வெளியாட்கள். ஆசிரியர் தாமே விடைத்தாளைத் திருத்தி, தாமே மதிப்பெண் ஏற்றும் பருவத் தேர்வை வைத்து அவரையே அளந்தால் மதிப்பெண் ஏறுவது உறுதி. படிப்பு ஏறுவதற்கு உறுதியில்லை. கேரளத்தில் ஓணத் தேர்வு, கிறிஸ்துமஸ் தேர்வு, ஆண்டுத் தேர்வு மூன்றும் அப்படிப்பட்டவை. குழந்தைக்கு எங்கே இடறுகிறது என்று அறியவே அவற்றைப் பயன்படுத்த வேண்டும்.

வகுப்புக்குள் போவது

நம்பத்தக்க சான்றுகள் மூன்று: வகுப்பைப் பார்ப்பது, குழந்தைகளின் நோட்டு, ஆசிரியர் பாடக்குறிப்பு எழுதும் டீச்சிங் மேனுவல். மூன்றாவதை வைத்துத் தொடங்குவது எளிது. கையெழுத்து அழகையும் பக்க எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, பாடம் முடிந்தபின் எழுதிய குறிப்பை மட்டும் வாசிக்க வேண்டும். 'குழந்தைகள் ஆர்வமாகப் பங்கேற்றனர்' என்ற வரி எல்லா நாளும் இருந்தால் அது எதையும் பார்க்காமல் எழுதியது. 'ஏழு பேருக்குக் கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை, நாளை குச்சிக்கட்டு கொண்டு வர வேண்டும்' என்று ஒரு நாள் இருந்தாலும் அந்த ஆசிரியர் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வகுப்பைப் பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. திடீர்ச் சோதனையில் கிடைப்பது ஆசிரியரின் பதற்றம். அதை வைத்து என்ன செய்வது? என்ன பாடம், எதில் உதவி வேண்டும் என்று முதல்நாளே ஐந்து நிமிடம் பேசிக்கொள்ள வேண்டும். பீரியட் தொடங்கும் முன்பே உள்ளே போய்ப் பின்வரிசையில், குழந்தைகளின் முகம் பக்கவாட்டில் தெரியும்படி உட்கார வேண்டும். முழு பீரியடும் இருக்க வேண்டும். பாடத்தின் நடுவே ஆசிரியரைத் திருத்துவது கூடவே கூடாது. குழந்தைகள் முன்னால் ஒருமுறை திருத்தப்பட்டவர் அந்த வருடம் முழுவதும் எச்.எம். நிழலைக் கண்டாலே பாடத்தை மாற்றிவிடுவார்.

குறிப்பெடுப்பதில் ஒரே விதி: கண்டதும் கேட்டதும் மட்டும் எழுதுவது. 'வகுப்புக் கட்டுப்பாடு நன்று' என்பது தீர்ப்பு. '20 நிமிடத்தில் 14 கேள்விகள் கேட்டார்; 11க்கு முன்வரிசையில் உள்ளவர்களே பதில் சொன்னார்கள்' என்பது சான்று. பி.எட். படித்த எவருக்கும் நெட் பிளாண்டர்ஸின் பெயர் நினைவிருக்கும். மூன்று நொடிக்கு ஒருமுறை வகுப்பில் நடப்பதைப் பத்து வகைகளில் ஒன்றாகக் குறிக்கும் முறை அவருடையது. அத்தனை நுணுக்கம் இங்கே தேவையில்லை. ஆசிரியர் எவ்வளவு நேரம் பேசினார், குழந்தைகள் எவ்வளவு நேரம் பேசினார்கள், கேள்வி கேட்டபின் பதிலுக்கு எத்தனை நொடி காத்திருந்தார் என்ற மூன்றைக் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தாலே பேசுவதற்கு நிறைய கிடைத்துவிடும்.

பிறகு நோட்டுகள். நன்றாகப் படிப்பவர், நடுத்தரம், பின்தங்கியவர் என்று வகைக்கு இரண்டாக ஆறு நோட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். எந்தக் குழந்தைகள் என்பதை ஆசிரியரோடு சேர்ந்து முடிவுசெய்து, வருடம் முழுவதும் அதே ஆறு பேரைத் தொடர்வது சிறந்தது. மூன்றாம் வகுப்பில் 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் சில குழந்தைகள் 35 என்று எழுதும். பெரிய எண்ணிலிருந்து சிறியதைக் கழிப்பதென்று அவை புரிந்துகொண்டிருக்கின்றன. 2இலிருந்து 7 போகாது என்பதால் 7இலிருந்து 2ஐக் கழித்துவிட்டன. அந்த 35க்கு மேல் வெறும் சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் இருக்கிறதா, அடுத்த பக்கத்தில் அதே பிழைக்கான பயிற்சி இருக்கிறதா? ஆசிரியர் திருத்துகிறாரா, கற்பிக்கிறாரா என்பது இங்கே தெரிந்துவிடும்.

பேச்சு

வகுப்பு முடிந்த அன்றோ மறுநாளோ பேசிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துப் பேசினால் இருவருக்கும் மறந்திருக்கும். படிவம் மட்டுமே பேசும். எச்.எம். அறையில் மேசைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் என்று உட்காருவதை விட, ஆளில்லாத வகுப்பறையில் அந்த நோட்டுகளை நடுவில் வைத்து உட்காருவது மேல். முதலில் ஆசிரியர் பேசட்டும். 'டீச்சர், இன்னைக்கு எது நல்லா வந்ததுன்னு நினைக்கிறீங்க?' என்று கேட்டால் பெரும்பாலும் எது வரவில்லை என்றுதான் பதில் வரும். தன் வகுப்பில் என்ன நடந்தது என்று ஆசிரியருக்குத் தெரியாமலிருப்பது அபூர்வம். 'இந்தப் பிள்ளை ஏன் 35 எழுதியிருப்பான்?' என்ற கேள்வி, 'நீங்க ஏன் கவனிக்கல?' என்ற கேள்வியைப் போலக் கதவை அடைக்காது.

முடிவில் ஒன்று அல்லது இரண்டு மாற்றங்கள் போதும். ஆறேழு எழுதிக் கொடுத்தால் எதுவும் நடக்காது. எழுதும் வரி செயலாக இருக்க வேண்டும்: 'கேள்வி கேட்டபின் மூன்று நொடி காத்திருப்பது, பின்வரிசைக் குழந்தைகளைப் பெயர் சொல்லிக் கேட்பது'. தலைமை ஆசிரியர் தம் பங்கையும் அதே தாளில் எழுத வேண்டும். குச்சிக்கட்டு வாங்கித் தருவதோ, பி.ஆர்.சி.யிலிருந்து கணக்குப் பயிற்சியாளரை அழைப்பதோ, கூடுதல் வேலை ஒன்றிலிருந்து விடுவிப்பதோ எதுவாகவும் இருக்கலாம். மதிய உணவுக் கணக்கு, உதவித்தொகை விண்ணப்பம், கணினியில் விவரம் ஏற்றுவது என்று எல்லாவற்றையும் ஒருவரிடமே கொடுத்துவிட்டு, அவருடைய டீச்சிங் மேனுவல் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பது நியாயமாகாது.

பெற்றோரிடம் கேட்பதும் உண்டு. வகுப்புப் பெற்றோர்-ஆசிரியர் கூட்டமான கிளாஸ் பி.டி.ஏ.யில் 'டீச்சர் எப்படி?' என்று பொதுவாகக் கேட்டால் விருப்பு வெறுப்புத்தான் வரும். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதைக் கேட்க வேண்டும்: பிள்ளை காலையில் பள்ளிக்குக் கிளம்ப அழுகிறதா, நோட்டு திருத்தி வருகிறதா, வீட்டில் வாசிக்கிறதா? சிறு குழந்தைகளை ஆசிரியருக்கு மதிப்பெண் போடச் சொல்வது தேவையற்ற விளையாட்டு.

கடலோரமும் மலையும் சாலையும்

ஒரே மாவட்டத்துக்குள் வகுப்பறைகள் மிகவும் வேறுபடுகின்றன. பூந்துறை, விழிஞ்ஞம் போன்ற மீனவர் பகுதிகளில் கடலும் பருவமும் குழந்தையின் வருகையைத் தொடுகின்றன. வலியதுறையில் கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் பள்ளிக் கட்டடத்திலேயே தங்கிய காலமும் உண்டு. குற்றிச்சல், விதுரை பக்கத்து மலையடிவாரங்களில் காணிக்காரர் பழங்குடிக் குழந்தைகள் வீட்டில் பேசும் பேச்சு பாடநூலில் இல்லை. நகரத்துப் பள்ளியோடு இவற்றை ஒரே வரிசையில் வைத்து ஆசிரியரைத் தரம் பிரித்தால், கடினமான இடத்துக்கு யாரும் விரும்பிப் போக மாட்டார்கள். ஜூனில் குழந்தைகள் எங்கே நின்றார்கள் என்ற குறிப்பு இல்லாமல் மார்ச்சில் எவரையும் மதிப்பிடக் கூடாது என்பது இங்கே கட்டாய விதியாகிறது.

நகரின் சாலை என்ற பகுதியில் உள்ளதைப் போன்ற தமிழ்வழி வகுப்புகளுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. பார்வையிட வருபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அவர் பார்ப்பது கரும்பலகையின் ஒழுங்கையும் குழந்தைகளின் கைதூக்கலையும்தான். ழகரத்தையும் ளகரத்தையும் குழந்தை பிரித்து எழுதுகிறதா, வாசிப்பது புரிந்துதானா என்பது அவருக்கு எட்டாது. தமிழ் தெரிந்த இன்னொரு பள்ளி ஆசிரியரையோ ஓய்வுபெற்ற தமிழாசிரியரையோ உடன் அழைத்துச் செல்வதும், அவருடைய குறிப்பைத் தனியே இணைப்பதும் சரியான வழி. மலையாளத்தில் பேசித்தான் பின்னுரையாடல் நடக்கும் என்றாலும், எடுத்துக்காட்டுகள் குழந்தைகளின் தமிழ் நோட்டிலிருந்தே வர வேண்டும்.

கோப்பில் எழுதுவது

கேரளத்தில் பதவி உயர்வு பெரும்பாலும் பணிமூப்பையும் துறைத் தேர்வையும் பொறுத்தது. அதனால் மதிப்பீட்டுக்குப் பல்லில்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். பல் இல்லாததால்தான் ஆசிரியர் உண்மை பேசுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதிகாரபூர்வ அறிக்கையாக எழுதும்போது சட்டம் கவனத்தில் இருக்க வேண்டும். அரசு ஊழியரின் ஆண்டுக் குறிப்பில் இடும் ஒவ்வொரு பதிவும், நல்லதானாலும் கெட்டதானாலும், அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தேவ் தத் வழக்கில் 2008இல் தீர்ப்பளித்தது. சுக்தேவ் சிங் வழக்கில் 2013இல் அதை உறுதி செய்தது. தெரிவிக்காத பாதகக் குறிப்பு வழக்கு மன்றத்தில் நிற்காது. நாள், வகுப்பு, கண்ட செய்தி, கொடுத்த உதவி, அதன்பின் மாறியது அல்லது மாறாதது என்று வரிசையாக எழுதி, ஆசிரியரின் பதிலுக்கு அதே தாளில் இடம் விட்டு, நகல் ஒன்றை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து வராமலிருப்பது, குழந்தையை அடிப்பது போன்றவை மதிப்பீட்டுக் கூட்டத்தில் பேசித் தீர்க்கும் விஷயங்களல்ல. அவற்றுக்கு ஒழுங்கு நடவடிக்கை விதிகள் தனியே உண்டு. அந்த வழியிலேயே போக வேண்டும்.

ஆண்டின் ஓட்டம் பள்ளி நாட்காட்டியோடு ஒட்டிப் போனால் யாருக்கும் சுமையாக இராது. ஜூன் கடைசியில் குழந்தைகளின் தொடக்க நிலையைக் குறித்து, ஆறு நோட்டுக் குழந்தைகளைத் தேர்ந்தெடுப்பது. ஓணத்துக்கு முன் முதல் வகுப்புப் பார்வை. தேர்வு முடிந்ததும் சுயமதிப்பீடு. அக்டோபர், நவம்பர் மாதங்கள் கலோத்ஸவத்திலும் அறிவியல் கண்காட்சியிலும் கரைந்துவிடும் என்பதால் இரண்டாம் பார்வையை ஜனவரியில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். பிப்ரவரி இறுதியில் இரண்டாம் சுயமதிப்பீடும் ஆண்டுப் பேச்சும்.

இந்த ஓட்டத்தில் விடுபட்டுப் போகிறவர்கள் தினவேதன ஆசிரியர்கள். நிரந்தர நியமனம் வரும்வரை காலியிடத்தில் வேலை பார்த்து, மார்ச்சில் போய்விடுகிறவர்களை யாரும் மதிப்பிடுவதில்லை. பெரும்பாலும் இளையவர்கள், பின்னுரையாடல் அவர்களுக்குத்தான் அதிகம் உதவும். முதல் மாதத்திலேயே ஒரு பார்வையும், அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் உட்கார இரண்டு பீரியடும் ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும். போகும்போது அவர் கையால் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது: எந்தக் குழந்தை எங்கே நிற்கிறது, எதைச் செய்து பார்த்தது பலித்தது, எது பலிக்கவில்லை. ஜூனில் அந்த வகுப்புக்கு வரும் புதியவரின் கையில் அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும்.